கொழுந்துப் பாட்டுக்கு எந்த ஸ்டைல் பொருந்தும்?

கேள்வி: தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அம்மாயி பாடும் கொழுந்துப் பாட்டொன்றின் மெட்டில் புதிதாக வரிகள் எழுதி, பேண்ட் இன் எ பொக்ஸ் மென்பொருளில் பின்னணி இசை அமைத்தேன். அதில் தயாராக இருக்கும் பின்னணி வகைகளில் (ஸ்டைல்) எதைப் போட்டாலும் பாட்டோடு ஒட்டவில்லை. ஹோட்டல் வரவேற்பறை இசைபோல் கேட்கிறது. தப்பு என்னும் பறையின் ஓசையுள்ள ஸ்டைலும் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், ஹட்டன்)

பதில்: முதலில் ஸ்டைல் தேடுவதை நிறுத்துங்கள். 1990இல் வெளிவந்த இந்த மென்பொருள், நீங்கள் தட்டச்சு செய்யும் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) வைத்து பேஸ், டிரம்ஸ், பியானோ, கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் தானே வாசித்துக் கொடுக்கும். ஆனால் அம்மாயியின் பாட்டு என்ன நடையில் போகிறது என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மாயியை இசையில்லாமல் பாடவைத்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டபடி கை தட்டுங்கள். ஒரு தட்டுக்குள் மூன்று அசைவுகள் உருண்டால் அது திஸ்ரம்; இரண்டோ நான்கோ என்றால் சதுஸ்ரம். ஸ்டைல் பட்டியலில் பெரும்பகுதி சதுஸ்ரத்துக்கான 4/4. திஸ்ர மெட்டை அதற்குள் திணித்தால் சொற்கள் இடறத்தான் செய்யும். 12/8 வகையைத் தேடுங்கள். கீபோர்டுகளில் 'ஸ்லோ ரொக்' என்ற பெயரில் இருப்பதும் இந்தக் கணக்குத்தான். பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். வேகத்தையும் அந்தப் பதிவிலிருந்தே எடுங்கள். ஸ்டைலோடு வரும் வேகம் உங்கள் பாட்டுக்காக வைத்ததல்ல.

அடுத்தது கோர்ட். என் சந்தேகம் முழுவதும் இதன் மேல்தான். உங்கள் மெட்டு சுத்த தன்யாசி ராகத்தின் சாயலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸட்ஜம் (ஸ) 'சி' என்றால் சுரங்கள் சி, ஈ பிளாட், எஃப், ஜி, பி பிளாட், இந்த ஐந்து மட்டும். வரி முடியும் இடத்தில் வழக்கப்படி ஜி7 கோர்ட் போடுகிறீர்கள். அதற்குள் பி, டி இரண்டும் இருக்கின்றன. பாடுபவர் கைசிகி நிஷாதத்தில் (பி பிளாட்) நிற்கும்போது பியானோ காகலி நிஷாதத்தை (பி) அடிக்கிறது. ஹோட்டல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. சி மைனர், ஈ பிளாட் ஆகிய கோர்டுகள் இரண்டும் அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே அடங்கும். பல்லவி முழுவதையும் இவற்றாலேயே ஓட்டலாம். இன்னும் மொட்டையாக வேண்டுமானால் சி5 என்று தட்டச்சு செய்யுங்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் (ப) மட்டும் ஒலிக்கும், தம்பூரா மாதிரி. ஒவ்வொரு பாரிலும் (தாளச் சுற்றிலும்) கோர்டை மாற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிறகு பியானோவின் ஒலியை நிறுத்துங்கள். ஸ்ட்ரிங்ஸையும்தான். பேஸும் கிட்டாரும் போதும்.

டிரம்ஸையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான தப்பை வையுங்கள். காமன் கூத்துக்கு அடிக்கும் ஒருவராவது உங்கள் தோட்டத்தில் இருப்பார். எந்த அடி வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். கொழுந்துப் பாட்டுக்குப் பின்னால் சாவுக்கு அடிக்கும் அடி விழுந்தால் லயன் குடியிருப்பில் யாரும் அதை மன்னிக்கமாட்டார்கள். மலைக் குளிரில் தோல் தளர்ந்துவிடும். தீயில் நன்றாகக் காய்ச்சிய பிறகே பதிவைத் தொடங்குங்கள், சரணத்துக்குச் சரணம் மீண்டும் காய்ச்சுங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரம் வேண்டாம். தொலைபேசியைத் தப்புக்கு நேர் எதிரே பிடிக்காமல், நாலைந்து அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கிட்டே வைத்தால் ஒலி உடைந்து கரகரக்கும்.

மென்பொருளின் இசையை அவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு அடிக்கட்டும். தொடக்கத்தில் வரும் எண்ணிக்கைத் தட்டுகளுக்குக் கையும் தட்டச் சொல்லுங்கள். அந்தக் கைதட்டு பின்னால் மிகவும் உதவும். மென்பொருளிலிருந்து பேஸையும் கிட்டாரையும் தனித்தனி வேவ் கோப்புகளாக, அந்த எண்ணிக்கைத் தட்டுகளோடு சேர்த்து எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, தப்புப் பதிவை அவற்றின் கீழே வையுங்கள். திரையில் கைதட்டல் கூர்மையான முள்ளாகத் தெரியும். அதை எண்ணிக்கைத் தட்டின் மேல் இழுத்துப் பொருத்தினால் மற்றவை தானாக நேர்படும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிய வேண்டாம். தொலைபேசியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடுவதில்லை. நீளமான பதிவில் தப்பு மெல்ல விலகிப்போகும். ஒவ்வொரு சரணத்தையும் தனியாகப் பதிந்து, தனியாகவே பொருத்துங்கள்.