தாமதமாக வந்த அழகர்: அனிமேஷன் கேள்வி பதில்

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்டார் அழகர். வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே திரும்பிவிட்டார். சிறுவயதில் அம்மாச்சி சொன்ன இந்தக் கதையைக் குறும்படமாக வரைந்துகொண்டிருக்கிறேன். அது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

முதலில் எதை வரைந்தீர்கள் ஐயா? (மாணவி, திருமங்கலம்)

எதையும் வரையவில்லை. முதலில் குரல். அம்மாச்சி இன்று இல்லை. அவர் சொன்னபடியே சொல்லக்கூடிய சித்தியைப் பேசவைத்துக் கைபேசியில் பதிவு செய்தேன். "ஆற்றில் இறங்கினார்" என்றதும் சித்தி நிறுத்தினார். சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் "தாலி கட்டியாயிற்று" என்றார். என் படமே அந்த இடைவெளிதான். ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் 12 படங்கள் வரைய வேண்டும். அந்த இடைவெளியில் அழகர் அசையவில்லை, கூட்டம் அசையவில்லை. குடையின் குஞ்சம் மட்டும் ஆடுகிறது. குரலைப் பதிவு செய்யாமல் ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் வரிசைப்படம்) வரைந்திருந்தால் அந்த இடத்தில் நான்கைந்து அலங்காரக் காட்சிகளைத் திணித்திருப்பேன்.

எந்த மென்பொருள்?

பிளெண்டர். அதில் கையால் வரைவதற்கான கிரீஸ் பென்சில் என்ற கருவி. இலவசம்.

குதிரை ஓடுவதை வரைய வரவில்லை. வழி சொல்லுங்கள்.

ஓடும் குதிரைக்கு மைபிரிட்ஜ் 1878இல் எடுத்த வரிசைப் புகைப்படங்களைப் பாருங்கள். என் படத்துக்கு அவை உதவாது. அழகரின் தங்கக் குதிரை கால் அசைப்பதில்லை. அசைகிறவர்கள் அதைத் தண்டில் வைத்துத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள். ஒரு பக்கத் தோள் இறங்கும்போது தண்டு சாய்கிறது, பிறகு குதிரை, அதற்கும் பிறகுதான் குடை. மூன்றும் ஒரே பிரேமில் சாய்ந்தால் அட்டைக் குதிரை. எனவே குதிரைக் காட்சியில் நான் முதலில் வரைந்தது தோள்களை.

கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் செய்யலாமா?

செய்யலாம். குரல் பதிவாகிவிட்டதா?

அழகர் வருவது கல்யாணத்துக்கு அல்ல, தவளையாகும்படி சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருவதற்கு. தவறான கதையை ஏன் பரப்புகிறீர்கள்? (மேலூர்)

கோயில் மரபு நீங்கள் சொல்வதுதான். தேனூர் மண்டபத்தில் விமோசனம் நடப்பதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்பார்கள். இரண்டு விழா பக்கத்தில் வந்ததும் மக்கள் அவற்றுக்கிடையே ஓர் அண்ணன் தங்கை உறவைக் கட்டினார்கள். இது தவறு அல்ல, படைப்பு. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

படித்திருக்கிறேன். அப்படியானால் முனிவரையும் சேர்த்தால் என்ன? (அதே மேலூர்)

சேர்த்தால் அழகர் வேலையாக வந்தவர் ஆகிவிடுவார். வேலையாக வந்தவருக்குத் தாமதம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். தங்கை கல்யாணத்தைத் தவறவிட்ட அண்ணனுக்குத்தான் அது ஆறாத வலி. ஒரே குதிரையில் இரண்டு காரணங்களை ஏற்றமாட்டேன்.

அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்கும் கதையை விட்டுவிட்டீர்களே அண்ணே?

அம்மாச்சி அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வேறு படம். மேலூர்க்காரர் இதற்கும் சண்டைக்கு வருவார், தெரியும், வரட்டும்.

பட்டு என்ன நிறம்?

பச்சை. அழகர் பச்சை உடுத்தினால் வெள்ளாமை செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நிஜ விழாவில் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மடிக்கணினிக்கு எத்தனை ஜிபி நினைவகம் தேவை?

கடைக்காரரிடம் கேளுங்கள்.

தாத்தா சொன்ன அய்யனார் கதையைப் படமாக்க ஆசை. எந்த மென்பொருளில் தொடங்கலாம்? (உசிலம்பட்டி)

மூன்றாவது முறை! மென்பொருளை விடுங்கள் தம்பி. தாத்தா இருக்கிறாரா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சொல்லச் சொல்லுங்கள், இடையில் குறுக்கிடாதீர்கள். இருமினால் இருமலும் பதிவாகட்டும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்த இரைச்சலைப் பிறகு எடுக்க முயன்றால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும்.