மாமாவுக்குக் கை தூக்கின பையன்

கேள்வி: என் பையன் தர்மபுரியில காலேஜ் செகண்ட் இயர் படிக்கறான். ஒரு டிரஸ்ட்டுல 12 பசங்களை குழுவா சேத்து, ஓசூர் கம்பெனி ஒன்னு குடுத்த 3 லட்சத்தை எந்த ஊருக்கு எதுக்குக் குடுக்கலாம்னு அவங்களையே முடிவு பண்ண விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா மீட்டிங், ஊர் ஊரா சுத்தறது, படிப்பு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. மத்தபடி தங்கமான பையன், பெரியவங்க பேச்சை மீற மாட்டான், போன மீட்டிங்ல கூட அவங்க அப்பா சொன்ன, குடிதண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓ பிளான்ட்டுக்குத்தான் கை தூக்கினான், அந்த வேலையை எங்க அண்ணன்தான் எடுத்து செய்யப் போறார். அடுத்த மாசம் பணம் ரிலீஸ். இதுல எல்லாம் லீடர்ஷிப் வருமா, சர்டிபிகேட் வேலைக்கு உதவுமா, இல்ல நிறுத்திடலாமா?
- ஒரு அம்மா, காரிமங்கலம்

பதில்: சர்டிபிகேட் கதையை முதல்ல முடிச்சுடறேன். டிஎன்பிஎஸ்சி குரூப் எக்ஸாம்ல இதுக்குன்னு தனி மார்க் கிடையாது. பிரைவேட் கம்பெனி இன்டர்வியூல வேணா, குழுவுல நீ என்னப்பா செஞ்சேன்னு கேப்பாங்க, அதுக்கு உங்க பையன் என்ன பதில் சொல்வான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங் போறதால படிப்பெல்லாம் கெடாது, அதை விட ஜாஸ்தி நேரம் போன்லயே போகுது.

படிப்பைப் பத்தி அவ்ளோ கவலைப்பட்டவங்க, போற போக்குல, அதுவும் பெருமையா, ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அப்பா சொன்னதுக்குக் கை தூக்கினான், வேலை எங்க அண்ணனுக்குன்னு. ஏம்மா, அதை எழுதும்போது கை கொஞ்சம் கூட தயங்கலையா?

இது காலேஜ்ல இருக்கற என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாதிரி கிடையாது, அதைப் புரிஞ்சுக்கோங்க. என்எஸ்எஸ் 1969-லேர்ந்து இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், அப்புறம் 7 நாள் கேம்ப்பு, மரம் நடறது, பள்ளிக்கூடம் சுத்தம் பண்றது, உடம்பு வளைய வேலை செய்வாங்க, நல்ல விஷயம். உங்க பையன் குழு வேற ரகம், இங்க பசங்க கையில பணத்தையும் முடிவையும் குடுத்துடறாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 1980-கள் கடைசியில கெல்லாக் ஃபவுண்டேஷன் பணம் போட்டு, ஊருக்கு ஊர் இருக்கற ஃபவுண்டேஷன்கள்ல இளைஞர் குழு வச்சாங்க, ஸ்கூல் பசங்களே மனுவைப் படிச்சு யாருக்கு நிதின்னு முடிவு பண்ணாங்க. இதுல பசங்க தேர்றது எங்கன்னா, அஞ்சு பேர் கேட்டு ஒருத்தருக்குத்தான் பணம் இருக்குன்னு வரும்போது மீதி நாலு பேர் முகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்லணும், ஏன் இல்லைன்னும் சொல்லணும், அங்கதான். இருபது வயசுல அதைச் செஞ்ச பையன் நாற்பது வயசுல பஞ்சாயத்துல உக்காந்தாலும் ஆபீஸ்ல உக்காந்தாலும் நிமிர்ந்து உக்காருவான். சொந்தக்காரங்க மனு வந்தா, இவர் எனக்கு வேண்டியவர்னு வாயைத் திறந்து சொல்லிட்டு அந்த ஓட்டுலேர்ந்து ஒதுங்கிக்கணும். நிதி குடுக்கற இடத்துல இதுதான் முதல் பாடமே, உங்க வீட்ல அந்தப் பாடத்தையே கிழிச்சுப் போட்டுட்டு லீடர்ஷிப் வருமான்னு எனக்கு லெட்டர் போடறீங்க.

கம்பெனிக்காரன் பணம்தானேன்னு உங்க வீட்டுக்காரர் நினைச்சிருப்பார். பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் இப்படி பொதுக் காரியத்துக்கு செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டத்துலயே இருக்கு. ஊருக்குன்னு ஒதுக்கின பணம் அது.

அதுவும் தண்ணி விஷயத்துல. நம்ம பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு, பல்லு கறையேறின பிள்ளைங்களையும் முட்டி மடக்க முடியாத பெரியவங்களையும் பாக்காத ஆளா நீங்க? அதுக்காகவே ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல தண்ணி விட்டாங்க. அப்ப உங்க பையன் அந்த மீட்டிங்ல என்ன கேட்டிருக்கணும், இந்த ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி வருதா இல்லையா, வரலைன்னா எங்க நிக்குது, ஆர்ஓ போட்டா ஃபில்டர் மெம்பரேன் மாத்தற செலவு யாருது, கரண்ட் பில் யார் கட்டுவா, வெளிய தள்ளற கழிவுத்தண்ணி எங்க போகும். பூட்டிக் கிடக்கற ஆர்ஓ ரூமை நீங்களும் பாத்திருப்பீங்க, அங்கெல்லாம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்த ஊருக்கு ஆர்ஓ நிஜமாவே தேவையா இருக்கலாம், உங்க அண்ணன் நாணயமான ஆளாவே இருக்கலாம், அது இல்ல என் பேச்சு. உங்க பையன் யோசிக்கவே இல்ல, சொன்னாங்க தூக்கினான். நாளைக்கு மேனேஜர் சொன்னாலும் கட்சிக்காரன் சொன்னாலும் அதே கையைத்தான் தூக்குவான்.

கூடப்பிறந்தவருக்கு செய்யாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், தாய்மாமன் உறவு நமக்கு எப்பேர்ப்பட்ட உறவுன்னு எனக்கும் தெரியும் (அண்ணனுக்குப் பொண்ணு இருக்கான்னு நான் கேக்கல, உங்க வீட்டுக்காரர் கணக்கு அவருக்கு). அண்ணனுக்குத் தொழில் டல்லுன்னா நகையை வச்சுக் குடுங்க, அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய் நோட்டுல ஒரு சைபர் சேத்து எழுதுங்க. அது உங்க கடமை, உங்க பணத்துல செய்யற கடமை. ஊர் பணத்துல சொந்தத்துக்கு செய்யறதுக்கு கடமைன்னு பேர் வைக்காதீங்க. அப்பா பேச்சைக் கேக்கணும்தான், நானும் அந்தக் காலத்து ஆள், ஆனா பையனை இதுக்கு அனுப்பின அப்பாவுக்கும் ஒரு கடமை இருக்கே, அதை யார் அவர்கிட்ட சொல்றது? நீங்கதான் சொல்லணும், இன்னிக்கு ராத்திரியே சொல்லுங்க.

குழுவுலேர்ந்து நிறுத்தறதா, அந்தப் பேச்சே வேணாம். பணம் ரிலீஸ் ஆகறதுக்குள்ள அவன் அந்தக் குழுவை நடத்தறவங்களைப் பாத்து, வேலை எடுத்தவர் என் தாய்மாமன், நான் சொல்லாம ஓட்டு போட்டேன், என் ஓட்டை எடுத்துட்டு மறுபடி ஓட்டெடுப்பு வைங்கன்னு சொல்லணும். திட்டுவாங்க, குழுவை விட்டே எடுத்தாலும் எடுப்பாங்க, எடுக்கட்டும். உங்க அண்ணன் ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்து பேச மாட்டார், அதையும் தாங்கிக்கோங்க. ஒன்னே ஒன்னு, அவனுக்குப் பதிலா நீங்க போன் பண்ணிப் பேசிடாதீங்க, கூடவும் போகாதீங்க.