ரொறன்ரோவில் ஐப்பசி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். ஒக்ரோபர் இரண்டாம் கிழமை போய், நவம்பர் நடுப்பகுதி வரை அங்கே நிற்கப் போகிறேன். சனி ஞாயிறில் நயாகராவும் சி.என். ரவரும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

கட்டடங்களும் பூங்காக்களும் பார்க்க ஆசை. ஆனால் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “ஒக்ரோபர் கழிந்தால் மரமெல்லாம் மொட்டை, குளிர் வேறு. சமருக்கு வாருங்கோ.” இன்னொன்று, எனக்குக் கட்டடக்கலை தெரியாது. கட்டடம் பார்ப்பதென்றால் எங்களுக்குக் கோயில் கோபுரம், மிஞ்சினால் நூலகம். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்க என்ன இருக்கிறது? நீங்கள் அங்கே போய் வந்ததை முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். எங்கே தொடங்கலாம்?

ச.
கொக்குவில்

அன்புள்ள ரீச்சர்,

ரிக்கற்றை மாற்ற வேண்டாம். கட்டடம் பார்க்கப் போகிறவருக்கு ஒக்ரோபரை விட நல்ல மாதம் இல்லை என்பதுதான் என் கட்சி. கோடையில் அங்கே தெருமரங்கள் தழைத்து, பழைய செங்கல் வீடுகளின் மேல்மாடியை மறைத்துவிடும். கூரை முகட்டு மரவேலை, வளைவு யன்னல் என்று பார்க்க வேண்டியவை எல்லாம் அந்த மேல்மாடியில்தான் இருக்கின்றன. இலை கொட்டக் கொட்ட அவை வெளியே வரும். வெயிலும் உங்கள் பக்கம்தான். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகையில், ரொறன்ரோ 43 பாகையில். ஒக்ரோபர் கடைசியில் நண்பகலில்கூட அங்கே சூரியன் உச்சிக்கு வராது, தெற்கே சாய்ந்தே நிற்கும். நல்லூர்க் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் மத்தியானத்தில் தட்டையாகவும் பின்னேரத்தில் உயிரோடும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். ரொறன்ரோவில் அந்தச் சாய்வெயில் நாள் முழுக்கக் கிடைக்கும். மழை மூட்டம் இல்லாத நாளாக இருந்தால்.

மரங்கள் எல்லாம் ஒரே நாளில் மொட்டையாகிவிடுவதும் இல்லை. எங்கள் வேம்பு மாசி பங்குனியில் கொட்டி உடனே தளிர்த்துவிடும். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறை உண்டு. மேப்பிள் முந்தும், ஓக் பிந்தும். மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருந்தது, பச்சையம் குறைந்ததும் தெரிய வருகிறது. சிவப்பு அப்படியில்லை, அந்தப் பருவத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்து வந்தால் சிவப்புக் கூடும். ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் வானிலையைப் பாருங்கள். தெளிந்த பகலும் குளிர்ந்த இரவுமாக மூன்று நான்கு நாள் போனால், மேப்பிள் உள்ள இடத்துக்கு அன்றே கிளம்பிவிடுங்கள். ஓக் காத்திருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? சி.என். ரவரில் வேண்டாம். 1976இல் கட்டி முடித்த, 553 மீற்றர் உயரமான கோபுரம் அது. நகரத்தில் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் படும். ஸ்காபரோவில் உள்ள கென்னடி நிலையத்தில் இரண்டாம் பாதை ரயில் ஏறி மேற்கே போங்கள். புரோட்வியூ நிலையம் தாண்டியதும் சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே பாயும். கீழே டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, கரை இரண்டிலும் மஞ்சளும் சிவப்புமாகக் காடு. அடுத்த நிலையமான காசில் ஃபிராங்க் வருவதற்குள் காட்சி முடிந்துவிடும். போனை எடுத்துப் படம் பிடிக்க நினைத்தால் அந்த நேரமும் போய்விடும்.

நீங்கள் கடந்த அந்தப் பாலம் 1918இல் திறந்தது. எட்மண்ட் பர்க் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. மேலே வண்டிகளும் ட்ராமும் போக, அடியில் ரயிலுக்கென்று இன்னொரு தட்டையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். அப்போது ரொறன்ரோவில் சுரங்க ரயிலே கிடையாது. அந்தத் தட்டு 48 ஆண்டுகள் சும்மா கிடந்து, 1966இல்தான் ரயில் ஓடியது. (நாங்கள் ரோட்டுக்குத் தார் ஊற்றி முடித்த பிறகுதான் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டுகிறோம். அதை விடுவோம்.) திரும்பி வரும்போது புரோட்வியூவில் இறங்கி, பாலத்தின் மேல் நடந்தும் பாருங்கள். ரயிலில் தப்பிப் போனதை அங்கே ஆறுதலாகப் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் இப்படியொரு காடு எப்படி மிஞ்சியது என்று புவியியல் படிப்பித்த நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். யாரோ ஒரு துரை அழகுக்காக ஒதுக்கி வைத்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பெரும்பங்கு வெள்ளத்தின் வேலை. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்தது. மண் ஏற்கெனவே மழையில் ஊறியிருந்தது, ஹம்பர் ஆறு பெருகி ஒரு தெருவையே வீடுகளோடு அள்ளிக்கொண்டு போனது. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆற்றுப் படுக்கைகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலங்களை வாங்கி, ஓர் இயற்கைப் பாதுகாப்பு அதிகார சபையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். இன்று நாய்களோடு சனம் உலாப் போகிற பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல அப்படி வந்தவைதான். தாழ்ந்த நிலத்தையும் குளத்தையும் நிரப்பி வீடு கட்டிவிட்டு, மார்கழி மழையில் கூரையில் ஏறி நிற்கிற எங்களுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

அதனால்தான் கட்டடத்துக்கு ஒரு பட்டியல், பூங்காவுக்கு ஒரு பட்டியல் என்று போடாதீர்கள் என்கிறேன். ரொறன்ரோவில் இரண்டும் ஒரே கதை. டொன் பள்ளத்தாக்கிலேயே ஒரு பழைய செங்கல் சூளை இருக்கிறது, இப்போது பெயர் எவர்கிரீன் பிரிக் வேர்க்ஸ். 1889இல் தொடங்கி, நூறு ஆண்டுக்குக் கிட்ட அங்கே களிமண் வெட்டிக் கல் சுட்டார்கள். மாஸி ஹோல், பழைய நகர மண்டபம் போன்றவற்றுக்கெல்லாம் கல் அங்கிருந்துதான் போனது. பள்ளத்தாக்கு குழியாகக் குழிய, மேலே நகரம் எழும்பியது. அந்தக் குழி இப்போது குளமும் நாணலுமாகக் கிடக்கிறது. வெட்டிய வடக்குச் சரிவில் மண் படைகள் தெரியும். இரண்டு பனியுகங்களுக்கு இடையில், இன்றைய ரொறன்ரோவை விடச் சற்று வெப்பமாக இருந்த ஒரு காலத்து மரங்களின் சுவடுகள் அந்தப் படைகளில் கிடைத்திருக்கின்றன. நீங்கள் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்த படம் அங்கே நேரே நிற்கும். ஒரு பகல் முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

அடுத்தது குவீன் தெரு. நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நின்றால் பழைய நகர மண்டபமும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பழையது 1899இல் திறந்தது, எட்வர்ட் ஜேம்ஸ் லெனொக்ஸ் கட்டியது. முகப்பு தெற்குப் பார்த்தது, நான் சொன்ன சாய்வெயில் அதில்தான் விழும். வாசல் தூண்களில் கோணல் மூஞ்சிகள் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். அவை அன்றைய நகரசபைக்காரர்களைக் கேலி செய்தவை என்று சொல்வார்கள். தன் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கச் சபை மறுத்ததும், லெனொக்ஸ் கூரை விளிம்புக்குக் கீழே கட்டடத்தைச் சுற்றி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைச் செதுக்க வைத்துவிட்டார். கழுத்து நோகத்தான் செய்யும், ஆனாலும் அண்ணாந்து தேடி வாசியுங்கள்.

புதிய மண்டபம் பின்லாந்துக்காரர் வில்யோ ரெவெல் வரைந்தது. உலகப் போட்டி வைத்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட வரைபடங்களில் இருந்து தெரிந்தெடுத்தார்கள். வளைந்த இரண்டு கோபுரங்கள், ஒரு விளக்குச் சுடரைக் காற்றிலிருந்து மறைக்கும் இரு கைகளைப் போல. நடுவில் தட்டையான வட்டமாகச் சபை மண்டபம். கோபுரங்களின் வெளிமுதுகில் ஒரு யன்னலும் இல்லை, உட்பக்கம் முழுக்கக் கண்ணாடி. 1965 செப்ரெம்பரில் திறந்தபோது ரெவெல் உயிரோடு இல்லை, முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

இனி நீங்கள் கேட்ட கண்ணாடிப் பெட்டி. கிங் தெருவும் பே தெருவும் சந்திக்கும் இடத்தில் கறுப்புக் கோபுரங்கள் நிற்கின்றன, ரொறன்ரோ டொமினியன் சென்ரர். முதல் கோபுரம் 1967இல் எழுந்தது, 56 மாடி, மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்தது. சோடனை எதுவுமில்லை. அருகே போய்ப் பாருங்கள். கறுப்பு இரும்புச் சட்டங்கள் அடி முதல் நுனி வரை ஒரே இடைவெளியில் ஓடும். வெளியே முற்றத்தில் பதித்த அதே கிரனைட் கல், கண்ணாடியைத் தாண்டி உள்ளேயும் தொடரும். எங்கள் கோபுரம் சிற்பத்தால் பேசுகிறது, இது அளவால் பேசுகிறது. பிறகு பக்கத்தில் முளைத்த கண்ணாடிக் கோபுரங்களில் முக்கால்வாசி எனக்குப் பிடிப்பதில்லை. மீஸ் செய்ததை விலை குறைத்துச் செய்தவை.

ஆனால் அந்த இடத்தில் முன்பு வேறொன்று நின்றது. வெள்ளைச் சலவைக்கல் தூண்களோடு, 1913 அளவில் கட்டிய பாங்க் ஒஃப் ரொறன்ரோ தலைமையகம். 1966இல் இடித்தார்கள். அதன் தூண்களும் வளைவுகளும் எங்கே என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மகள் இருக்கிற ஸ்காபரோவிலேயே, ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளின் மேல், கில்ட் பூங்காவில். ஸ்பென்சர் கிளார்க், ரோசா கிளார்க் தம்பதியர் நகரத்தில் இடிபடும் கட்டடங்களின் வாசல்களையும் தூண்களையும் சேர்த்துக் கொண்டுவந்து தங்கள் வளவில் நிறுத்தினார்கள். அந்த வங்கியின் தூண்களை வைத்து 1982இல் ஒரு திறந்தவெளி அரங்கமே கட்டினார்கள். ஸ்காபரோவில் எங்கள் சனம் இத்தனை பேர் இருந்தும், யாரும் எனக்கு முன்கூட்டி இதைச் சொல்லவில்லை. கலியாண அல்பத்துக்குப் படம் எடுக்கத்தான் போவார்களாம்.

எனக்கு அந்தப் பூங்காவில் முழுச் சந்தோஷம் வரவில்லை. தெருவிலிருந்து கழற்றி வந்த வாசலுக்குள் நுழைந்தால் மறுபக்கமும் புல்லுத்தான். நல்லூரில் பாழடைந்து நிற்கும் மந்திரிமனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பாழாகியும் சொந்த இடத்தில் நிற்பதற்கும் பத்திரமாக வேறிடத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும். இருந்தாலும் கல் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பத்தாண்டில் பழைய நகர மண்டபத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டு இடிக்கத் திட்டம் போட்டார்கள். சனம் எதிர்த்ததால்தான் அது தப்பியது.

ஹை பார்க்கை நவம்பருக்கு வையுங்கள். இரண்டாம் பாதை ரயிலில் அதே பெயரில் நிலையம் உண்டு, கென்னடியில் ஏறினால் மாறத் தேவையில்லை. அங்கே கறுப்பு ஓக் மரங்கள்தான் பிரதானம், அதனால் அஞ்சலட்டைச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். செம்பும் பழுப்பும்தான், ஆனால் பிந்தியும் நிற்கும். ஜோன் ஹவார்ட் என்ற கட்டடக்கலைஞர் தன் நிலத்தை, எக்காலமும் மக்கள் இலவசமாகப் பாவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நகரத்துக்குக் கொடுத்தார். 1876இல் பூங்காவாகத் திறந்தது. அவர் 1837இல் கட்டிய வீடு இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கே நடக்கும்போது யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவும், அந்தக் காலத்து அரசாங்க ஏஜன்ற் டைக் தன் வாசத்தலத்தைச் சுற்றி அங்கே நட்ட மரங்களும் ஞாபகம் வரலாம்.

மேப்பிள் சிவப்புக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்கா. ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பில், கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்கா அது, நுழைவுக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் அலைய வேண்டாம், முதல் சனிக்கிழமையே மகளைக் காரில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நயாகரா எப்போது போனாலும் விழும்.

உடுப்புப் பற்றி மகள் சொல்வாள், நான் சப்பாத்தை மட்டும் சொல்கிறேன்: நனைந்த இலை எண்ணெய் போல வழுக்கும், பிடிமானமுள்ள அடி வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு எடுப்பார்கள். பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பூங்காக்களை அதற்கு முன் முடிந்தவரை பார்த்துவிட்டு, மீஸின் கறுப்புக் கோபுரங்களைப் பிந்திய நாட்களுக்கு விடுங்கள். ஐந்தரைக்கு வெளியே இருட்டியிருக்கும், உள்ளே ஆட்கள் இன்னும் வேலையில் இருப்பார்கள், விளக்கு வெளிச்சத்தில் அந்த இரும்புச் சட்டங்களின் ஒழுங்கு முழுதாகத் தெரியும். உடனே வீட்டுக்கு ஓட வேண்டாம், அந்த நேரம் ரயிலில் நிற்கவும் இடமிருக்காது. கோபுரங்களுக்கு அடியிலேயே பாத் என்ற நிலக்கீழ் நடைபாதை இருக்கிறது. அங்கே ஒரு தேத்தண்ணி குடித்து, ஆறரை மட்டும் இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.