ஜி.பி. மறுத்தது சரிதான், வழி வேறு

லண்டனில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) என்ற நரம்பு நோய், கால் தசை இறுக்கத்தால் தூக்கமே இல்லை, கஞ்சா மருந்து கேட்டால் ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், கைவிரித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள். பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் இது சட்டப்படி கிடைக்கிறது, ஆனால் நிபுணர் பட்டியலில் உள்ள மருத்துவர்தான் தொடங்கி வைக்க முடியும். நரம்பியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே 'சாட்டிவெக்ஸ்' என்று பெயர் சொல்லியே கேட்கலாம். கஞ்சாவிலிருந்து எடுத்த, வாயில் அடிக்கும் ஸ்ப்ரே அது. வழக்கமான மாத்திரைகள் பலிக்காதவர்களுக்கு முதலில் 4 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். இறுக்கம் 20 சதவீதமாவது குறைந்தால்தான் தொடரும். அதனால் இதுவரை சாப்பிட்ட மருந்துகள், அளவு, ஏன் நிறுத்தினார் என்பதையெல்லாம் இன்றே எழுதி வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் நடக்கவில்லை என்றால் தனியார் கிளினிக் இருக்கிறது. செலவு மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான். கஞ்சாப் பூவாகவே எழுதிக் கொடுத்தாலும் புகைப்பது குற்றம், ஆவியாக்கித்தான் இழுக்க வேண்டும்.

அப்புறம், ஊருக்கு வரும்போது அக்கா இந்த மருந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடப் போகிறார், கவனம். லண்டன் மருந்துச் சீட்டைக் காட்டிச் சென்னை சுங்கத்தில் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள்.