குளிரில் சைக்கிள் ஓட்டும் மகளுக்குக் காது வலி

கேள்வி: டாக்டர், நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். என் மகள் செப்டம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்துக்குப் படிக்கப் போனாள். தினமும் காலையில் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்துத்தான் பல்கலைக்கழகம் போகிறாள். டிசம்பர் பிறந்ததிலிருந்து காது வலி என்கிறாள். போன வாரம் காது மடலின் ஓரத்தில் தடிப்புத் தடிப்பாக வந்து, அறைக்குள் வந்ததும் அரிப்பும் எரிச்சலும் தாங்க முடியவில்லையாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் அனுப்பலாமா? குளிர்காற்று காதில் ஏறினால் வாய் கோணிக்கொள்ளும் என்று என் மாமியார் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: அம்மா, அறைக்குள் வந்த பிறகுதான் அரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. வெளியே குளிரில் வலி, உள்ளே சூட்டுக்கு வந்ததும் அரிப்பு, மடலின் ஓரத்தில் தடிப்பு. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இது சில்பிளெயின் என்னும் குளிர்த்தடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் கோளாறு காதுத் துளைக்குள் இல்லை, வெளியே நிற்கும் மடலில் இருக்கிறது. அதனால்தான் பஞ்சு உதவவில்லை. துளையை அடைத்துவிட்டு மடலைக் காற்றில் விட்டால் என்ன பயன்?

உங்கள் காதை இப்போது விரலால் பிடித்துப் பாருங்கள். கீழே சோணையில் மட்டும் கொஞ்சம் சதைப்பற்று இருக்கும். மற்ற இடமெல்லாம் மெல்லிய தோல், அதை ஒட்டியே குருத்தெலும்பு. கன்னத்தில் இருப்பதுபோலக் கொழுப்பு இல்லை. குளிர் பட்டதும் உடம்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வேண்டிய சூட்டைக் காப்பாற்றுவதற்காக, கைவிரல், கால்விரல், மூக்கு, காது ஆகியவற்றுக்குப் போகும் சின்ன இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். அப்புறம் நாம் உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால், இரத்தம் திடீரென்று பாயும். அந்தச் சின்னக் குழாய்களால் தாங்க முடியாமல் நீர் கசியும், தோல் வீங்கும், அரிக்கும்.

இதற்குப் பனி கொட்ட வேண்டும் என்றில்லை. 0 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, ஈரமும் காற்றுமாக இருக்கும் குளிரில்தான் இது அதிகம் வருகிறது. குரோனிங்கனின் குளிர்காலம் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். பினாங்கில் விடியற்காலை 23, 24 டிகிரிக்கு இறங்கினாலே நாம் போர்வையைத் தேடுகிறோம். கேமரன் மலையில் இரவில் 15, 16 டிகிரி. உங்கள் மகளின் காது இதுவரை பார்த்த குளிர் அவ்வளவாகத்தான் இருந்திருக்கும்.

அதோடு சைக்கிள் வேறு. காற்றே இல்லாத நாளில்கூட மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், அதே வேகத்தில் காற்று காதில் அடிக்கும். வெளியே 0 டிகிரி என்றால், அந்தக் காற்றில் தோலுக்கு அது -5 டிகிரி போலத் தெரியும். எதிர்க்காற்றும் சேர்ந்து 40 கிலோமீட்டர் ஆனால் -7. ஆனால் நீங்கள் பயப்படாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். 0 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை எவ்வளவு காற்று அடித்தாலும் தோல் உறைந்துபோகாது. காற்று சூட்டைச் சீக்கிரமாகப் பிடுங்கும், அவ்வளவுதான்.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். என் பாட்டி பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன், தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குக் கிளம்பும்போது, பழைய கைலித்துணியை முக்கோணமாக மடித்து, நெற்றியில் வைத்து, இரண்டு காதும் முழுசாக மறையும்படி கீழே இழுத்துப் பிடரியில் ஒரே முடிச்சாகப் போடுவார். முடிச்சு கழுத்தில் உறுத்தாமல் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். கொசுவுக்காகவும் பனிக்காகவும் கட்டியதுதான். ஆனால் மடல் முழுவதையும் மூடி, தலையோடு ஒட்டி, காற்று புகாமல் கட்டும் அந்த முறையைவிட நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. துணியை மட்டும் மாற்றினால் போதும். பருத்தி வேர்வையையும் தூறலையும் உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும். கம்பளியிலோ ஃபிளீஸ் துணியிலோ செய்த காதுப்பட்டை வேண்டும். முன்பக்கம் காற்றுப் புகாத துணி வைத்துத் தைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று நனைந்தால் போட்டுக்கொள்ளப் பையில் இன்னொன்று இருக்கட்டும். மெல்லிய துணி காதை மூடினாலும் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்கும். பஞ்சோ இயர்ஃபோனோ வைத்தால் அது கேட்காது, சாலையில் அது ஆபத்து.

அந்த ஊரில் பலர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். உங்கள் மகள் போடுகிறாள் என்றால் அதை நிறுத்த வேண்டாம். ஹெல்மெட்டுக்கு அடியில் தடித்த கம்பளிக் குல்லா மட்டும் கூடாது. ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், விழுந்தால் நழுவிவிடும். மெல்லிய பட்டையைப் போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை வைத்து, வாரை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு விஷயம். முதலாவது தோடு. உலோகம் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், குளிர்ந்த தோடு சோணையையும் குளிர வைக்கும். காது மூளியாக இருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள், அது எனக்குப் புரிகிறது. சின்னப் பொட்டுத் தோடாகப் போட்டுக்கொண்டு அதன் மேல் பட்டை வரட்டும். ஜிமிக்கி மட்டும் வேண்டாம், பட்டையைக் கழற்றும்போது மாட்டிச் சோணை கிழியலாம். இரண்டாவது ஈரத்தலை. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தல் காயாமல் சைக்கிளில் ஏறினால், அந்த ஈரம் காய்கிற நேரமெல்லாம் காதிலிருந்து சூடு போய்க்கொண்டே இருக்கும். முந்தின நாள் மாலையே குளித்து உலர்த்திவிடட்டும். உலர்ந்த கூந்தலைக் காதின் மேல் விட்டு அதற்கு மேல் பட்டையைப் போட்டால் இன்னும் இதமாக இருக்கும்.

எண்ணெய் வேண்டாம் அம்மா. சூடான எண்ணெய் காதுக்குள்ளே பட்டால் புண்ணாகும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிவிடும். மடலில் உள்ள தடிப்புக்கும் அதனால் பலன் இல்லை. தைலமும் தடவ வேண்டாம். ஜிவ்வென்று இருப்பதால் சூடு ஏறியதுபோல ஒரு நினைப்பு வரும், ஆனால் ஏறுவதில்லை, ஏற்கெனவே வீங்கிய தோல் இன்னும் எரியும். உள்ளே வந்ததும் ஹீட்டரிலோ ஹேர் டிரையரிலோ காதைக் காட்டாமல், உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் சும்மா இருந்தாலே போதும். தேய்க்கவும் சொறியவும் கூடாது. இப்படிப் பார்த்துக்கொண்டால் தடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், வாய் கோணுவது முக நரம்பு வீங்குவதால் வருவது. அதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணமாகக் கருதப்படுகிறது, சைக்கிளில் பட்ட காற்று அல்ல. முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று தொங்கினால் மட்டும், காரணம் எதுவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, மகள் கவனிக்க வேண்டியது. 0 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் காது வலித்து, பிறகு வலியே தெரியாமல் மரத்துப்போய், தொட்டால் கெட்டியாக மெழுகுபோல இருந்தால் அது உறைபுண். நம் தோலில் அது வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்ததுபோலத் தெரியலாம். குளிர்த்தடிப்பும் அப்படித்தான், சிவப்பாக இல்லாமல் ஊதா கலந்த கருமையாக இருக்கும். வெள்ளைத்தோல் படங்களோடு ஒப்பிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம். உறைபுண் என்று சந்தேகம் வந்தால் உள்ளே போய், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் காதில் வைத்துக்கொண்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடிப்பு கொப்பளித்துப் புண்ணானாலும், காதிலிருந்து நீர் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், காது மந்தமானாலும் அதேபோலப் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் மூட்டுவலியும் முடி உதிர்தலும் சேர்ந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்னும் நோய் இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இளம்பெண்களுக்கு வரக்கூடியது, அதனால் சொல்கிறேன். அங்கே முதலில் குடும்ப மருத்துவரிடம்தான் போக வேண்டும், அவரை ஹெய்ஸ்ஆர்ட்ஸ் என்பார்கள். மகள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வீடியோவில் பேசும்போது, காது மடலைப் பகல் வெளிச்சத்தில் முன்னாலும் பின்னாலும் காட்டச் சொல்லிப் பாருங்கள். பின்பக்கத் தடிப்பு அவளுக்கே கண்ணாடியில் தெரியாது.