வாசகர் கேள்வி–பதில்: பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய மாயாவி

சென்ற இதழில் பழைய காமிக்ஸ் குறித்து வெளியான ஒரு சிறு பதிலுக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் காமிக்ஸுக்கே.

கேள்வி: அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் இருப்பதாகப் படிக்கிறேன். நம் ஊர்களில் அப்படியொன்று இருந்ததாக நினைவில்லை. அப்படியானால் 1980களில் இத்தனை பேர் எங்கேதான் வாங்கிச் சேர்த்தார்கள்? (வாசகர், கரூர்)

பதில்: தனிக் கடை இல்லைதான். ஆனால் வாழைத்தாருக்கும் மிட்டாய் பாட்டில்களுக்கும் நடுவே, சணல் கயிற்றில் கிளிப் மாட்டி வார இதழ்களைத் தொங்கவிட்டிருந்த பெட்டிக்கடை ஒவ்வொன்றும் மாதத்தில் சில நாட்களுக்குக் காமிக்ஸ் கடையாக இருந்தது. 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் தொடங்கின. ஒன்றரை ரூபாய் விலையில் மாதம் இருமுறை வந்த ராணி காமிக்ஸ், நாளிதழ்க் கட்டுகள் போய்ச் சேர்ந்த சிற்றூர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சிவகாசி வெளியீடுகளுக்கு அந்த வசதி இல்லை. ஏஜெண்ட் கேட்டனுப்பிய சில பிரதிகளே கடைக்கு வரும். அவை முடிந்துவிட்டால், ‘அடுத்த மாதம் பார்க்கலாம் தம்பி’ என்ற பதில்தான் கிடைக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே காசைக் கொடுத்து வைக்கும் வழக்கம் இப்படித்தான் சிறுவர்களிடையே வந்தது. கோடை மலர், தீபாவளி மலர் என்று கனத்த சிறப்பிதழ் வரப்போவதாக விளம்பரம் வந்துவிட்டால், அதற்கான சேமிப்பு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

அடுத்தது வாடகை நூல் நிலையம். முன்பணம் கட்டி, நாளுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து எடுத்து வரும் புத்தகத்தில், கதாநாயகன் முகத்தின் மேலேயே ஊதா நிற ரப்பர் முத்திரை விழுந்திருக்கும். மூன்றாவது, பழைய புத்தகக் கடை. சென்னையில் மூர் மார்க்கெட், அது 1985 மே மாதத் தீவிபத்தில் அழிந்த பிறகு அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணி நடைபாதைகள், கோவையில் உக்கடம் ஆகிய இடங்களில் அட்டை கிழிந்த பிரதிகள் குவியலாகக் கிடைக்கும். இரண்டு கொடுத்தால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற பண்டமாற்று பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது. கணக்குப் பார்த்தால் கடைக்காரருக்கே லாபம். ஆனால் இடையில் விடுபட்ட ஒரு இதழ் கையில் கிடைத்த மாணவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் புலப்பட்டதே இல்லை.

கேள்வி: பிரிட்டிஷ் கதாநாயகனான இரும்புக்கை மாயாவி தமிழ்நாட்டில் இவ்வளவு நிலைத்து நின்றதற்குக் காரணம் என்ன? (வாசகி, விருதுநகர்)

பதில்: 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஸ்பானிய ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அதைத்தான் கொண்டுவந்தது. விபத்தில் கையிழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, கை மட்டும் தெரிய நடமாடுகிறான். வேறு உலகம், வேறு கிரகம் என்றெல்லாம் விளக்கத் தேவையில்லாத கற்பனை. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் போதும். அந்தப் பிளக்கை ஏக்கத்தோடு பார்த்த பிள்ளைகளால் எத்தனை தாய்மார் பதறினார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்! கறுப்பு வெள்ளையில் தனியே மிதக்கும் அந்தக் கை, மட்டமான தாளிலும் சோபை குன்றாமல் அச்சேறியது என்பதையும் ஒரு காரணமாக நான் சொல்வேன். பல வண்ணங்களை நம்பிய தொடர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இதே பிரிட்டிஷ் வரிசையில் வந்த ஸ்பைடரின் (அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்ல) கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல். நம்மில் பலரும் அவர் பெயரை அறியாமலே அவருடைய எழுத்தைப் படித்து வளர்ந்திருக்கிறோம்.

கேள்வி: மறைந்த என் தந்தையார் சேர்த்த முத்து, லயன் இதழ்கள் பத்துப் பத்தாக பைண்ட் செய்யப்பட்டுள்ளன. விலைக்குக் கேட்டு வந்த ஒருவர், பைண்டிங் செய்ததால் மதிப்பு பாதியாகிவிட்டது, பிரித்துக் கொடுத்தால் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். பிரிக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள். பைண்டிங்கில் ஓரம் வெட்டப்படுகிறது, சில வேளை அட்டையும் நீக்கப்படுகிறது. இதழைத் தனித்தனியாகச் சேகரிப்பவர்களுக்கு அது குறைதான். மறுக்கவில்லை. ஆனால் இன்று எஞ்சியிருக்கும் பழைய தமிழ்க் காமிக்ஸில் கணிசமானவை எஞ்சியதற்கே அந்தக் காலிகோ துணி ஒட்டிய பைண்டிங் அட்டைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். தேர்வுக் காலத்திலும் வீடு மாறும்போதும் தனி இதழ்கள் கிலோக் கணக்கில் எடைக்குப் போயின. தடித்த அட்டையும் முதுகில் எழுத்தும் கொண்ட தொகுதியைப் பார்த்ததும் ‘இது புத்தகம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினார்கள். உங்கள் தந்தையார் செலவழித்த பைண்டிங் கூலி வீண்போகவில்லை.

பிரிப்பதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. மட்டமான தாளில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறும். நாளடைவில் தாள் அப்பளம் போல் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். பசையிட்டு ஒட்டிய முதுகைப் பிரித்தால் நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். தொகுதிகளை வெயில் படாத, சுவரின் ஈரம் தாக்காத அலமாரியில் நெருக்கித் திணிக்காமல் நிறுத்தி வையுங்கள். இராமபாணப் பூச்சி நடமாட்டம் இருக்கிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகி ஊறி, படத்தையே கெடுத்துவிடும். தனி இதழ்கள் இருந்தால், துருப்பிடித்த ஸ்டேபிள் பின்களை மட்டும் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மறுபதிப்பு வந்துவிட்டால் பழைய பிரதியின் விலை விழுந்துவிடுமா? (வாசகர், சேலம்)

பதில்: படிப்பதற்காக வாங்கியவர்கள் விலகுவார்கள், விழுவதானால் அந்த அளவுக்கு விழட்டும். கதை எல்லோர் கைக்கும் கிடைப்பது நல்லதுதானே?

கேள்வி: இப்போது வரும் வண்ணத் தமிழ்க் காமிக்ஸ் எனக்குப் பழைய சுகத்தைத் தரவில்லை. குறை என்னிடமா, இதழ்களிடமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இதழ்களிடம் இல்லை. ராணி காமிக்ஸ் 2005இல், 500 இதழ்களோடு நின்றது. லயன்–முத்து 2012 ஜனவரியில் நூறு ரூபாய்ச் சிறப்பிதழோடு புத்துயிர் பெற்றது; 2015இல் கௌபாய் கதாநாயகன் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ ஆயிரம் ரூபாய் விலையில் வண்ணத் தொகுப்பாக வந்தது. தாளும் அச்சும் 1980களில் கனவிலும் எண்ணிப் பார்க்காதவை. உங்களுக்குக் குறைவது, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அந்தத் தவிப்பு என்றே நினைக்கிறேன். சந்தா கட்டினால் இதழ் வீட்டுக்கே வந்துவிடுகிறது. பெட்டிக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவாரோ என்ற பயம் இல்லை. தவிப்பு வேண்டுமென்றால் சென்னைப் புத்தகக் காட்சியின் கடைசி நாளன்று போய், விற்றுத் தீர்ந்த இதழைக் கேட்டுப் பாருங்கள்.