எஞ்சின் நடுவுல இருக்கு, பாக்க வேண்டியது அடியில இருக்கு
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். லோட்டஸ் எலிஸ், அந்த நடுவுல எஞ்சின் வச்ச ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வாங்கணும்னு பத்து வருஷமா மனசுல இருந்தது, இப்பதான் நேரம் கூடி வந்திருக்கு. ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 1999 மாடல், ரோவர் எஞ்சின், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஆனா ஆறு வருஷமா ஷெட்லயே நின்னிருக்கு. இன்னொண்ணு 2005, டொயோட்டா எஞ்சின், 1,12,000 கிலோமீட்டர், மூஞ்சி பூரா கல்லடி பட்ட புள்ளி, சீட் ஓரம் கிழிசல், ஆனா ஓனர் ஒரு தடி ஃபைல் நிறைய பில் வச்சிருக்கார். வீட்ல எல்லாரும் முதல் வண்டியத்தான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க.

பதில்: தம்பி, எனக்கு மனசு போறது அந்த ஃபைல் இருக்குற வண்டி பக்கம்தான். கிலோமீட்டர் கம்மின்னு சொல்லி யாராவது இந்த மாதிரி காரை விக்க வந்தா நான் முதல்ல கேக்குறது கடைசியா எப்ப ஓட்டினீங்கன்னுதான், ஏன்னா நின்ன வண்டியில கூலண்ட் கெட்டுப்போகும், ரப்பர் ஹோஸ் காஞ்சு வெடிப்பு விடும், பிரேக் டிஸ்க் துரு ஏறும், டைமிங் பெல்ட்டுக்கு, அதாவது வால்வுகள சரியான நேரத்துக்கு திறக்க வைக்கிற பெல்ட்டுக்கு, ஓடின தூரம் மட்டும் இல்ல வயசும் கணக்கு. அந்த ரோவர் எஞ்சின் பெல்ட் வச்சது, அது அறுந்தா வால்வு எல்லாம் வளைஞ்சிரும். டொயோட்டா எஞ்சின்ல செயின், அந்த ஒரு கவலை இல்ல.

எலிஸ் என்ன மாதிரி காருன்னு புரிஞ்சா எதை பாக்கணும்னு தானா தெரிஞ்சிரும். 1996ல அது வந்தப்ப எடை சுமார் 725 கிலோ, பவர் வெறும் 118 குதிரைத்திறன், ஆனாலும் பறந்துச்சு. காரணம் அந்த அலுமினிய சேஸி, அதாவது மொத்த காரையும் தாங்குற அடிச்சட்டம். அச்சுல இழுத்த அலுமினிய பட்டைகள எபாக்ஸி பசையால ஒட்டி செஞ்சது, சேஸி மட்டும் 68 கிலோதான். வெல்டிங் கிடையாது. அதனாலயே அது அடிபட்டா சாதாரண கார் மாதிரி இழுத்து நிமித்தி தட்டி சரி பண்ற வேலையும் கிடையாது. வெளிய தெரியுற பாடி எல்லாம் ஃபைபர், முன்னாடி ஒரே துண்டு பின்னாடி ஒரே துண்டு, கிளாம்ஷெல்னு சொல்வாங்க. ஃபைபர சரி பண்ணி பெயிண்ட் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும். அதான் ஆபத்தே. பளபளப்புக்கும் உள்ள இருக்குற சேஸிக்கும் சம்பந்தமே இல்ல. உங்க ரெண்டாவது வண்டியில கல்லடி புள்ளி அப்படியே இருக்குன்னா அது பழைய பெயிண்ட், அதாவது சமீபத்துல யாரும் எதையும் மறைக்கல, அது ஒரு நல்ல சகுனம்னே நான் எடுத்துக்குவேன்.

நான் முதல் தடவை பழைய எலிஸ் வாங்கினப்ப இது தெரியாது. வித்தவர் நல்லா பேசினார், பெயிண்ட் புதுசு, நானும் அடியில பாக்கவே இல்ல. வீட்டுக்கு கொண்டு வந்து மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் லிஃப்ட்ல ஏத்தி பின்பக்க அடித்தட்ட கழட்டினேன், பாதி ஸ்க்ரூ வேற வேற சைஸ், அப்பவே மனசு கலங்கிருச்சு. டார்ச் அடிச்சு பாத்தா ஓரத்து அலுமினிய பட்டையில, சஸ்பென்ஷன் வந்து மாட்டுற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, துணியில மடிப்பு விழுந்த மாதிரி ஒரு மெல்லிசு வளைவு. விரல வச்சு தடவினாதான் தெரியுது. யாரோ ஒரு சுவத்துலயோ கட்டையிலயோ நல்லா இடிச்சிருக்காங்க, மேல ஃபைபர மட்டும் மாத்தி எனக்கு வித்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதனாலதான் திரும்ப திரும்ப சொல்றேன், லிஃப்ட்ல ஏத்த விடாத ஓனர்கிட்ட வண்டி வாங்காதீங்க, எவ்ளோ நல்லவரா இருந்தாலும் சரி.

ஏத்தினதும் என்ன பாக்கணும்? சேஸி பட்டை ரெண்டு பக்கமும் முழுசா தடவி பாருங்க, ஜாக்கிய தப்பான இடத்துல வச்சு நசுக்கியிருக்காங்களான்னு பாருங்க. பின் சக்கரத்த ரெண்டு கையாலயும் இடது வலதா ஆட்டிப் பாருங்க, லேசா கட கடன்னு ஆட்டம் இருந்தா டோ லிங்க்னு சொல்ற கம்பியோட பால் ஜாயின்ட் தேய்ஞ்சிருக்கு. இந்த ஒரு பார்ட்ட சாதாரணமா எடுத்துக்காதீங்க, பின் சக்கரம் எந்த திசையில நிக்கணும்னு பிடிச்சு வைக்கிறதே அதுதான், டிராக்ல ஓட்டுற வண்டியில அது உடைஞ்சு போய் கார் சுத்தின கதை நிறைய இருக்கு, அதனாலயே பலபேர் வலுவான கிட் வாங்கி மாத்திருப்பாங்க. பில்லுல அது இருந்தா ரொம்ப சந்தோஷம். முன்பக்கம் சின்ன மூடிய கழட்டினா உள்ள ரேடியேட்டர் சுத்தி இருக்குற கிராஷ் பெட்டி தெரியும், அதுல விரிசல் இருந்தா முன்னாடி அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம்.

டொயோட்டா எஞ்சினுக்கு ஒரே ஒரு டெஸ்ட். 190 குதிரைத்திறன் எஞ்சின் அது, சுமார் 6,200 ஆர்பிஎம் தாண்டினதும் வால்வுகள இன்னும் அதிகமா திறக்குற பெரிய கேமுக்கு மாறும், சத்தமே மாறி முதுகுல கை வச்சு தள்ளின மாதிரி இருக்கும். எஞ்சின் நல்லா சூடானப்புறம் ஒரு தடவை அதுவரைக்கும் கொண்டு போய் பாருங்க. மாறவே இல்லைன்னா ஒண்ணு ஆயில் கம்மி இல்ல உள்ள போல்ட் உடைஞ்சிருக்கு. வண்டி முன்பக்கம் இருக்குற ஆயில் கூலர் வரைக்கும் ஓடுற ஹோஸ்களோட முனையில கசிவு இருக்கான்னும் பாத்துக்கோங்க, அந்த முனை கழண்டா எஞ்சின் ஆயில் மொத்தமும் ரோட்ல, அதுவும் உங்க பின் டயருக்கு முன்னாடியே கொட்டும்.

கேள்வி: ரோவர் எஞ்சின் எலிஸ்னாலே ஹெட் கேஸ்கட் போயிரும்னு சொல்றாங்க. அப்ப அந்த பழைய எலிஸ் எதையுமே தொடக்கூடாதா சார்?

பதில்: தொடலாம், தாராளமா தொடலாம், 1999 வண்டி மாதிரி லேசான எலிஸ் அப்புறம் வரவே இல்லைன்னுதான் நான் சொல்வேன். ஆனா அந்த கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்குற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு, ஏன் போகுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. அந்த எஞ்சின்ல கூலண்ட் அளவு ரொம்ப கம்மி, எஞ்சின் நடுவுல இருக்கு ரேடியேட்டர் மூக்குல இருக்கு, இடையில நீளமா பைப். எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்த நீள பைப்ல காத்துட்டிருந்த குளிர்ந்த தண்ணி ஒரேடியா உள்ள வரும், சூடான ஹெட்டு சுருங்கும் விரியும், கேஸ்கட் தாங்காது. கொஞ்சம் தண்ணி கசிஞ்சு கம்மியானா கூட இது வேகமா நடக்கும். அப்புறம் வந்த பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் போட்டு, தெர்மோஸ்டாட்ட மாத்தி வச்ச வண்டி எத்தனையோ வருஷமா பிரச்னை இல்லாம ஓடுது. ஆகவே கேஸ்கட் மாத்தின பில் இருந்தா பயப்படாதீங்க, அதுதான் உங்களுக்கு வேண்டிய பில்.

இன்னொரு விஷயம், கூலண்ட் மாத்தும்போது பைப்ல காத்து அடைக்கும். என் வண்டிய ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டு ஹோஸ் மாத்தி வாங்கினேன், காத்த எடுக்காம அப்படியே ஊத்திட்டாங்க போல. திரும்பி வர்ற வழியில டிராஃபிக்ல டாஷ்போர்டுல கூலண்ட் சூட்ட காட்டுற நம்பர பாத்துட்டே வரேன், 88 காட்டுது, 94, அப்புறம் 103, ஹீட்டர போட்டா சூடு வரணும்ல, பச்சத்தண்ணி மாதிரி காத்து வருது. எஞ்சின் கொதிக்குது ஹீட்டர் குளிருதுன்னா தண்ணி சுத்தலைன்னு அர்த்தம். உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணேன், ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா ஹெட்டு போயிருக்கும். நீங்க வண்டி பாக்கப் போறப்பவும் இதையே செய்யுங்க, கால் மணி நேரம் ஐட்லிங்ல விட்டு ஹீட்டரும் ஃபேனும் வேலை செய்யுதான்னு பாருங்க. ஆயில் மூடிய திறந்து அடியில பால் காபி நுரை மாதிரி ஒட்டியிருக்கான்னு பாருங்க, லேசா இருந்தா ஈரப்பதமா கூட இருக்கலாம், ஆனா கெட்டியா இருந்து கூடவே கூலண்ட் டேங்க்ல எண்ணெய் மிதந்தா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. முக்கியமா போறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் எஞ்சின் மூடி மேல கை வைங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க.

கேள்வி: எலிஸ் என் கைக்கு எட்டாது. அதே மாதிரி நடுவுல எஞ்சின் வச்ச டொயோட்டா எம்ஆர்2 கடைசி மாடல் எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். மனைவி ஒண்ணு கேக்கச் சொன்னாங்க, ஊருக்கு போனா பெட்டி எங்க வைக்கிறது?

பதில்: 1999லருந்து 2007 வரைக்கும் வந்த வண்டி, சுமார் ஆயிரம் கிலோ, 140 குதிரைத்திறன், கூரைய பின்னாடி தள்ளிட்டு ஓட்டினா அவ்ளோ சந்தோஷம் தரும். எலிஸ்ல கிடைக்கிறதுல பெரும்பங்கு இதுல கிடைச்சிரும்னு நான் மனசார நம்புறேன், அதோட டொயோட்டா பார்ட்ஸ்.

இதுல ஒரே பெரிய வியாதி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது எஞ்சின்லருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்க்குள்ள, புகைய சுத்தம் பண்ண வச்சிருக்குற சின்ன கேட்டலிஸ்ட். உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான், அது வயசாகி பொடியாகும், அந்த பொடிய எஞ்சினே திரும்ப உள்ள இழுத்து சிலிண்டர் சுவத்த கீறிரும், அப்புறம் ஆயில குடிக்க ஆரம்பிக்கும். ஆரம்ப மாடல்கள்ல பிஸ்டன்ல ஆயில் திரும்புற துளை சின்னதா இருந்ததால அதுவே தனியாவும் ஆயில் குடிக்கும், பலநேரம் கேட்டலிஸ்ட் உடையறதுக்கு அதுவும் ஒரு காரணம். பாக்குறது எப்படின்னா எஞ்சின் ஆறினதும் மேனிஃபோல்டுல இருக்குற ஆக்ஸிஜன் சென்சார கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிங்க. தேன்கூடு முழுசா இருக்கணும், இல்ல யாராவது ஏற்கனவே எடுத்துட்டு வெறும் குழாயா இருக்கணும். பாதி உடைஞ்சு பல்லு விழுந்த மாதிரி இருந்தா விட்ருங்க. டிப்ஸ்டிக்கையும் மறக்காம பாருங்க, ஆயில் அடிமட்டத்துல இருக்குன்னா ஓனர் எப்படின்னு தெரிஞ்சிரும். அப்புறம் பின்பக்க சப்ஃப்ரேம், அதாவது சஸ்பென்ஷன தாங்குற இரும்புச் சட்டம், அதுல துரு, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தா சத்தத்துலயே தெரியும்.

பெட்டி வைக்க இடம் கிடையாதுங்க. முன்னாடி ஸ்பேர் டயர் இருக்குற இடத்த சுத்தி கொஞ்சம், சீட்டுக்கு பின்னாடி பூட்டு போட்ட அலமாரி மாதிரி ஒண்ணு, அவ்ளோதான். ரெண்டு மெத்துன்னு இருக்குற துணிப்பை போகும், சக்கரம் வச்ச பெட்டி போகவே போகாது. மனைவிய கூட்டிட்டு போய் அந்த அலமாரிய காட்டிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்க.

கேள்வி: நடுவுல எஞ்சின் வச்ச கார் மழையில சுத்திரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நிஜமா?

பதில்: பாதி நிஜம். கனம் எல்லாம் நடுவுல இருக்கறதால வண்டி நினைச்ச மாத்திரத்துல திரும்பும், அதே காரணத்தால பிடி விட்டா அதே வேகத்துல சுத்தவும் செய்யும். வளைவுல வேகம் அதிகம்னு தோணி பயந்து ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால சடார்னு எடுத்தா கனம் முன்னாடி போயிரும், பின் டயர் லேசாகி வழுக்கும். அப்ப கால எடுக்கறதுன்னா மெதுவா எடுக்கணும், வேகத்த வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும். 1989ல வந்த ரெண்டாவது தலைமுறை எம்ஆர்2வுக்கு இந்த கெட்ட பேர் ரொம்பவே இருந்தது, 1992 மாடலுக்கு டொயோட்டாவே சஸ்பென்ஷன மாத்திச்சு.

ஆனா யாரும் சொல்லாத காரணம் டயர். எடையில சுமார் 60 சதவீதம் பின்னாடி இருக்கறதால பின் டயர் சீக்கிரம் தேயும், மாத்திட்டே இருப்பாங்க. முன் டயர் தேயவே தேயாது, பட்டன் முழுசா இருக்கேன்னு பத்து வருஷம் அப்படியே விட்ருவாங்க. பின்னாடி புது ரப்பர், முன்னாடி கல்லு மாதிரி இறுகின ரப்பர், ரெண்டும் வேற வேற பிராண்ட், அப்புறம் மழையில கார் சொன்ன பேச்ச கேக்கலைன்னா எஞ்சின் எங்க இருந்தா என்ன. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2314ன்னா 2014ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. நாலு டயரும் குனிஞ்சு பாருங்க. பழசா இருந்தா நாலையும் ஒரே பிராண்ட்ல மாத்தி அலைன்மென்ட் பாத்துட்டுதான் மழையில எடுக்கணும்.

கேள்வி: நான் ஆறடி ரெண்டு அங்குலம். எலிஸ்ல உக்கார முடியுமா?

பதில்: உக்காந்துட்டா இடம் இருக்கும், உள்ள போறதுதான் கஷ்டம், அந்த ஓரத்து சேஸி பட்டை அவ்ளோ அகலம். கூரைய மாட்டி வச்சு ஏறி இறங்கிப் பாருங்க, கழட்டி வச்சுட்டு ஏறினா எல்லாருக்கும் சுலபமாத்தான் இருக்கும். பெடல் மூணும் நெருக்கமா இருக்கும், அதனால பாக்கப் போறப்ப ஒல்லியான ஷூ போட்டுட்டு போங்க.